மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்: திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பலாமா?

டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல நகலாகப் பெருக்கும் பிசிஆர் சொதப்பினால் பெரிய நஷ்டமில்லை. பட்டை வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். பிசிஆர் நன்றாகவே வேலை செய்து, திரையில் அந்தத் துண்டின் நீளமாக அழகாக ஒரு எண் வந்து, அந்த எண் தப்பாக இருப்பதுதான் வம்பு. மைக்ரோசாட்டிலைட்டில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஒன்று முதல் ஆறு எழுத்து வரை உள்ள துணுக்கு டிஎன்ஏவில் அடுக்கடுக்காகத் திரும்ப வரும் இடம்தான் மைக்ரோசாட்டிலைட். எஸ்எஸ்ஆர் என்றும் சொல்வார்கள். செடிகளை அடையாளம் காண இதைப் பயன்படுத்தும்போது மார்க்கர் என்போம். ஒரு செடியில் ‘சிஏ’ 15 முறை வந்தால் இன்னொன்றில் 18 முறை வரும். இருபக்கமும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) வைத்துப் பெருக்கி நீளத்தை அளந்தால் 6 எழுத்து வித்தியாசம் தெரியும். கேபர்னே சாவிஞான் திராட்சையின் பெற்றோர் கேபர்னே பிராங்கும் சாவிஞான் பிளாங்கும்தான் என்று 1997இல் கண்டுபிடித்தது இந்த வழியில்தான். அதற்கு 30 மார்க்கர்களை ஒப்பிட்டார்கள். ஐந்தாறு மார்க்கரை வைத்துக்கொண்டு வம்சாவளி எழுத உட்காருபவர்கள் இந்த எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும்.

கருவி ஒவ்வொரு நீளத்தையும் வரைபடத்தில் ஒரு உச்சியாகக் காட்டும். அதில் முதலில் எல்லோரும் விழும் குழி, ஸ்டட்டர். பிசிஆரில் நொதி நகலெடுக்கும்போது அடுக்கில் வழுக்கிவிடும். அதனால் உண்மையான உச்சிக்கு ஒரு அடுக்கு குறைவான இடத்தில் குட்டி உச்சி ஒன்று முளைக்கும். இரண்டெழுத்து அடுக்கில், 180 எழுத்து நீளம் மட்டுமே உள்ள செடியில் 178இலும் 176இலும் படிப்படியாகக் குட்டையான உச்சிகள் தெரியும். இதைப் பார்த்து, பெற்றோரிடமிருந்து வந்த இரண்டு நகலும் வேறுவேறு நீளம் என்று நினைத்து 178/180 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையிலேயே 178/180 ஆக இருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். 180இன் ஸ்டட்டரும் 178இன் சொந்த உச்சியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் 178 வழக்கமாக 180ஐவிட உயரமாகவே நிற்கும். அதனால் எண்ணை எழுதும் முன் படத்தைப் பாருங்கள். புதிதாக மார்க்கர் தேர்ந்தெடுப்பவராக இருந்தால் மூன்று, நான்கு எழுத்து அடுக்குகளை எடுப்பது நல்லது. இரண்டெழுத்து அடுக்கில் ஸ்டட்டர் தொல்லை அதிகம். துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் சாதாரண அகரோஸ் ஜெல்லில் இரண்டெழுத்து வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், இருந்தும் இல்லாத அல்லீல். ஒரே இடத்தின் வெவ்வேறு வடிவங்களைத்தான் அல்லீல் என்கிறோம். பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்திலேயே ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்த நகல் பெருகாது. இதை நல் (null, அதாவது வெற்று) அல்லீல் என்பார்கள். தாய்ச்செடியில் ஒன்று 152, மற்றது நல் என்று வையுங்கள். திரையில் 152 மட்டும் தெரியும், நாம் 152/152 என்று எழுதுவோம். கன்றுக்குத் தாயிடமிருந்து நல்லும் தந்தையிடமிருந்து 160உம் போகிறது. அதை 160/160 என்று எழுதுவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாய்க்கும் கன்றுக்கும் சம்பந்தமே இல்லை! சொந்தத் தாயையே தள்ளிவைத்துவிடுவோம். ஒரே ஒரு மார்க்கரில் மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒற்றை அல்லீலாகத் தெரிந்து முரண்பட்டால், உறவை மறுக்காமல் பிரைமரைச் சந்தேகியுங்கள். பிரைமரைச் சற்றுத் தள்ளி வடிவமைத்து மறுபடி ஓட்டினால் பல நேரம் குட்டு வெளிப்படும்.

இதிலேயே நேர்மாறான தவறும் உண்டு. மென்பொருள் ‘ஹெட்டரோசைகோட் (இரண்டு அல்லீலும் வேறுவேறாக உள்ள செடி) குறைவு, நல் அல்லீல் இருக்கலாம்’ என்று எச்சரித்தவுடன் மார்க்கரைத் தூக்கி எறிவார்கள். அந்தக் கணக்கு, செடிகள் கண்டபடி கலந்து இனம் பெருக்குகின்றன என்ற அனுமானத்தில் போடப்பட்டது. நெல் மாதிரித் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் ஹெட்டரோசைகோட் இயல்பிலேயே குறைவு. மார்க்கர் மேல் பழி போடுவது பாவம்.

மூன்றாவது, ஒரு எழுத்துக் குழப்பம். பிசிஆரில் நகலெடுக்கும் டாக் நொதி துண்டின் கடைசியில் கூடுதலாக ஒரு ‘ஏ’ சேர்க்கும். சில நகலில் சேர்த்து, சிலவற்றில் சேர்க்காமல் விட்டால் 180, 181 என்று இரட்டை உச்சி வரும். கடைசி நீட்டிப்பை 72 டிகிரியில் 30 நிமிடமாவது வைத்தால் பெரும்பாலும் எல்லா நகலிலும் சேர்ந்துவிடும்.

எண்ணை முழுதாக்குவதிலும் கவனம் வேண்டும். 180.4ஐ 180 என்றும் 180.6ஐ 181 என்றும் எழுதினால் ஒரே அல்லீல் இரண்டாகிவிடும். எல்லா அளவுகளையும் ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள், படிக்கட்டு மாதிரிக் கொத்துக் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். கருவியோ துண்டில் ஒட்டும் சாயமோ மாறினால் இந்த அளவுகளும் நகரும். ஆகவே வேறு ஆய்வகத்தின் எண்களை உங்கள் அட்டவணையில் நேரடியாக ஒட்டாதீர்கள். இருவரும் ஓட்டிய பொதுவான ரகங்கள் சில இருந்தால் அவற்றை வைத்து வித்தியாசத்தைச் சரிசெய்யலாம். பிரைமர் வாலில், சாயம் ஒட்டுவதற்கான எம்13 தொடர் சேர்த்திருந்தால் நீளத்தில் சுமார் 18 எழுத்து அதுவே கூட்டியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு தொகுதி குரோமோசோம் கொண்ட உருளைக்கிழங்கில் இரண்டு உச்சி தெரிந்தால் எது எத்தனை நகல் என்று உச்சியின் இருப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரட்டைத் தொகுதிக்கான மென்பொருளில் அதைப் போடாதீர்கள். குளோரோபிளாஸ்ட் மைக்ரோசாட்டிலைட்டை உட்கரு மார்க்கருடன் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம், அது பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழி மட்டுமே வரும். பதியன், கிழங்கு மூலம் பெருகும் செடிகளில் ஒரே குளோனைப் பத்து முறை எண்ணிவிட்டு அல்லீல் விகிதம் கணக்கிடுவதும் சகஜமாக நடக்கிறது.

இத்தனைக்கும் செலவு குறைந்த ஒரு காவல் உண்டு. மாதிரிகளில் ஒரு பகுதியை, எது எது என்று படிப்பவருக்குத் தெரியாமல், டிஎன்ஏ பிரிப்பதிலிருந்தே மறுபடி ஓட்டி, இரண்டு முறையும் எத்தனை எண்கள் ஒத்துப்போகவில்லை என்று எண்ணி, ஒவ்வொரு மார்க்கருக்கும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.