தோட்டப்புற ஊரில் ஏற்றத்தாழ்வைக் கணக்கெடுப்பது எப்படி?

மலேசியத் தோட்டப்புற ஊர்களில் வருமான ஏற்றத்தாழ்வைக் கணக்கெடுக்கப் புறப்படும் ஆலயக் குழுவினரோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரோ, பெரும்பாலும் "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்றே தொடங்குகிறார்கள். அக்கேள்வி பிறகு வரட்டும். முதலில் "இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சொந்தக் கிராண்ட், அதாவது நிலப்பட்டா, வைத்திருப்பவரும் தோட்ட நிர்வாகத்தின் லயத்து வீட்டில் இருப்பவரும் ஒரே சம்பளம் வாங்கலாம். ஆனால் 60 வயதில் வேலை நிற்கும்போது ஒருவருக்கு வீடு மிஞ்சுகிறது, மற்றவர் வீட்டையும் சேர்த்தே இழக்கிறார். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதும், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் குடியிருப்பும் ஒருசேரப் பறிபோனதால்தான்.

காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு முந்தைய ஆள்கணக்கெடுப்புக்கு) போகும் வீடுகளுக்கு மாலையில் செல்லுங்கள்; மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) அருகிலிருந்தால் இன்னொரு நாள் வருவதே நல்லது. தாளில் பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களை விட்டு எடுக்கும் கணக்கில் ஊரின் அடிப்படியே காணாமல் போகும்.

ஒரே ஒரு மாதச் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து எழுதுவது தவறு. மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது, இலையுதிர் காலத்தில் பாலும் குறையும், செம்பனைக் குலை வெட்டுபவரின் கூலியோ பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. ஆகவே, நல்ல மாதச் சீட்டு ஒன்றும் மோசமான மாதச் சீட்டு ஒன்றும் கேட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்டு 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். ஏழு வீடுகளின் வருமானம் 1,800, 2,000, 2,100, 2,300, 2,600, 4,200, 13,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4,000 வருகிறது. நடுவில் நிற்பதோ, அதாவது இடைநிலையோ, 2,300. ஒரே ஒரு லாரி முதலாளி வீடு ஊரையே வசதியானதாகக் காட்டிவிடுகிறது. நாட்டளவிலும் இதே கதைதான்: 2022-இல் குடும்பச் சராசரி வருமானம் 8,479 வெள்ளி, இடைநிலை வருமானம் 6,338 வெள்ளி. அவ்வாண்டின் தேசிய வறுமைக்கோட்டு வருமானம் 2,589 வெள்ளி. அதை வைத்துப் பார்த்தால் நம் எடுத்துக்காட்டில் நான்கு வீடுகள் கோட்டுக்குக் கீழே. ஐந்தாவது வீடு 11 வெள்ளியில் தப்பியது. அந்த 11 வெள்ளியில் பள்ளி வேன் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாது என்பதால், கோட்டை ஒட்டி நிற்கும் வீடுகளைத் தனியே குறித்து வைப்பது என் வழக்கம்.

இறுதியாக, இந்த வரிசையைத் திருவிழாக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு 100 வெள்ளி வரி என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 2,000 வெள்ளி வீட்டுக்கு அது வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து. 13,000 வெள்ளி வீட்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வரி கட்டாதவர் பெயர் பலகையில் ஏறியதும் அந்தக் குடும்பம் பூசைக்கு வருவதை நிறுத்திக்கொள்வதையும், பிள்ளைகள் கூடவே ஒதுங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். எனவே வரித் தொகையை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முன்பே சராசரி, இடைநிலை, கோட்டுக்குக் கீழுள்ள வீடுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குழுவிடம் ஒப்படையுங்கள். வீட்டுத் தாள்களை மட்டும் ஒப்படைக்காமல் எரித்துவிடுங்கள்.