விளையாட்டு வீரர் சிலையை எப்படிப் பார்ப்பது? பெர்க்லியில் ஒரு பயிற்சி

பல்கலைக்கழக வளாகத்தில் வெண்கலச் சிலையைக் கண்டால் பலரும் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் பழக, கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் இருக்கும் ‘ஃபுட்பால் வீரர்கள்’ சிலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வடித்தவர் சிற்பி டக்ளஸ் டில்டன். அங்கே ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

முதல் படி: பீடத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் சிலையை ஒரு முழுச்சுற்று சுற்றி வாருங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்தால் பாதிச் சிலைதான் கிடைக்கும்.

இரண்டாவது, எடை எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் மண்டியிட்டு அவன் காலுக்குக் கட்டுப் போடுகிறான். பந்து பறக்கவில்லை, கோப்பையும் இல்லை. அடிபட்ட காலும் அதைக் கவனிக்கும் கைகளும்தான் இங்கே விஷயம். அந்தக் கைகளிடம் நிறைய நேரம் நில்லுங்கள். டில்டனுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போனது, பெர்க்லியிலிருந்த காது கேளாதோர் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர், கையால் பேசியே வாழ்ந்தவர் என்பதால்தான் இந்த இருவருக்கும் நடுவே ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் உலோகம். வெண்கலம் என்பது செம்பும் தகரமும் சேர்ந்த கலவை. மழை வழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு கோடு கோடாக இறங்கியிருக்கும், பலர் தொட்ட இடம் மட்டும் பளபளக்கும். நீங்கள் தொடாதீர்கள், வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும்.

இப்போது எழுத்தைப் படிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ஃபீலன் இந்தச் சிலையையே பந்தயப் பரிசாக வைத்தார். 1898, 1899 இரண்டு ஆண்டும் ஸ்டான்ஃபோர்டை பெர்க்லி வென்றதால் 1900இல் சிலை இங்கே நின்றது, தோற்றிருந்தால் அங்கே போயிருக்கும். வெற்றிக்குக் கிடைத்த பரிசில் அடிபட்ட ஒருவன் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, படம் எடுக்க வேண்டுமா? மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். உச்சி வெயிலில் கருத்த வெண்கலம் ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் ஒன்றுமே தெரியாது. கேமராவை மண்டியிட்டவனின் தோள் உயரத்துக்கு இறக்கி, கட்டுப் போடும் கைகளில் ஃபோகஸ் வையுங்கள்.