பைதான் கிளாஸில் மெத்தடுக்குப் பெயர் வைப்பது: அண்டர்ஸ்கோர் எங்கே, எத்தனை?

கிளாஸ் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே பெயருக்கு வருகிறேன். 2001இல் எழுதப்பட்ட பெப் 8தான் (பைதான் நிரலை எந்த நடையில் எழுத வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி) இதற்கெல்லாம் அடிப்படை. பைதான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும், அதனால் உதாரணங்களைத் தமிழிலேயே தருகிறேன்.

படி 1: ஆங்கிலத்தில் வைத்தால் எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். `வட்டி_கணக்கிடு` மாதிரி, என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரியட்டும்.

படி 2: சாதாரண மெத்தடுக்கு முதல் அளவுரு செல்ஃப் (`self`), கிளாஸ்மெத்தடுக்கு சிஎல்எஸ் (`cls`). இரண்டும் கீவேர்ட் இல்லை, வேறு பெயர் வைத்தாலும் ஓடும். ஆனால் வைக்காதீர்கள், படிப்பவர் திட்டுவார்.

படி 3: உள்வேலைக்கு மட்டும் என்றால் முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர்: `_சரிபார்`. பூட்டெல்லாம் கிடையாது, வெளியிலிருந்து யாரும் கூப்பிடலாம். “தொடாதே” என்று சொல்லி வைக்கிறோம், அவ்வளவுதான்.

படி 4: இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும். முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டால் “பிரைவேட்” ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் பைதான் பெயரையே மாற்றிவிடுகிறது. `கணக்கு` என்ற கிளாஸில் `__வட்டி` என்று எழுதினால் உள்ளே அது `_கணக்கு__வட்டி`. இப்போது `கணக்கு`விலிருந்து `சேமிப்பு` என்ற கிளாஸை உண்டாக்கி, அதிலும் `__வட்டி` எழுதுங்கள். அது `_சேமிப்பு__வட்டி` ஆகிவிடும். ஆனால் தாய்க் கிளாஸில் `__வட்டி`யைக் கூப்பிடும் `மொத்தம்` என்ற மெத்தட் இருந்தால், அது பழைய `_கணக்கு__வட்டி`யைத்தான் தேடிப் போகும். எரர் எதுவும் வராது, தப்பான தொகை மட்டும் சத்தமில்லாமல் வரும், நீங்கள் புது மெத்தடுக்குள் பிரிண்ட் போட்டுப் போட்டுப் பார்த்தாலும் அது ஓடியிருக்கவே ஓடியிருக்காது. சந்தேகம் வந்தால் `டிர்` (`dir`) ஃபங்ஷனில் ஆப்ஜெக்டைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். என்னைக் கேட்டால் ஒரு அண்டர்ஸ்கோரே போதும்.

படி 5: `__இனிட்__` (`__init__`) போல இருபுறமும் இரண்டு அண்டர்ஸ்கோர் வருவது பைதானின் சொந்தப் பெயர்கள், நீங்களாகப் புதிதாக உண்டாக்க வேண்டாம்.

நிரலில் இப்படிப்பட்ட தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி என்றால் எனக்கு ரஃப்தான், இன்னொரு கருவியான பைலின்ட் ரொம்ப நச்சரிக்கும். ஆனால் ரஃபில் பெயர் விதிகள் தானாக இயங்காது, செட்டிங்கில் “என்” (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் விதிகளையும் சேர்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: “யூனிட்டெஸ்டில் மட்டும் ஏன் அண்டர்ஸ்கோர் இல்லாமல் நடுவில் பெரிய எழுத்து?” என்று கேட்டிருந்தார்கள். யூனிட்டெஸ்ட் என்பது நிரலைச் சோதிக்கப் பைதானோடு வரும் மாட்யூல். அது ஜாவாவின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டைப் பார்த்து எழுதப்பட்டது, பெப் 8க்குச் சில மாதம் முன்பே பைதானுக்குள் வந்துவிட்டது. `செட்அப்` (`setUp`) போன்றவற்றை அது வைத்திருக்கிறபடியே எழுதுங்கள், திருத்தினால் டெஸ்டுக்கு முன் அது ஓடாது.