வூடாங் மலைக்கு முதல்முறை போகிறீர்களா? கதையின் வரிசையில் ஏறுங்கள்

சீனாவில் தாவோ மதத்தினரின் புனித மலையான வூடாங் போகிற பலரும் ரோப்காரில் ஏறி, உச்சிக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறுவதில்லை. இந்த மலையின் தெய்வம் ஜென்வூ. அரண்மனையைத் துறந்து தவம் செய்ய வந்த இளவரசன் என்கிறது தலபுராணம். அவன் வந்தது, தளர்ந்தது, விண்ணேறியது எல்லாவற்றுக்கும் கீழிருந்து மேலாக இடங்கள் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே போங்கள். இரண்டு நாள் வேண்டும்.

1. ஹூபெய் மாகாணத்தில் வூடாங்ஷான் மேற்கு நிலையம் வரை அதிவேக ரயில் உண்டு. டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் அவசியம். மலைக்குள் சுற்றுலாப் பேருந்துதான்.

2. முதல் நிறுத்தம் தைஜிபோ, அதாவது இளவரசன் சரிவு. இங்கே ஒரே தூணின் தலையில் பன்னிரண்டு உத்திரங்கள் வந்து சேர்வதை அண்ணாந்து பாருங்கள். பேருந்துப் பாதையோரம் ஊசி தீட்டிய கிணறும் உண்டு. தவம் சலித்துத் திரும்பிய இளவரசன், ஒரு கிழவி இரும்பு உலக்கையை ஊசியாகத் தேய்ப்பதைக் கண்டு மறுபடி மலையேறினானாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா!

3. அடுத்து ஊதா மேக அரண்மனை. துறவிகள் வழிபாடு நடத்தும் கோயில் இது, அதனால் முறை தெரிந்து போங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். ஊதுவத்தி மூன்று போதும். வணங்கும்போது வலக்கையை இடக்கை மூடியிருக்கட்டும். துறவியைத் 'தாவ்ஜாங்' என்று அழையுங்கள். வயதை மட்டும் கேட்காதீர்கள், அதைச் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. சைவமா? 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்றால் புரிந்துகொள்வார்கள்.

4. இரவு நான்யான் பக்கம் தங்குங்கள். இளவரசன் விண்ணேறிய பாறை இங்கேதான். செங்குத்துப் பாறையிலிருந்து அந்தரத்தில் நீளும் கல் டிராகனின் தலையில் ஒரு தூபக்கலசம் இருக்கிறது. அதில் ஊதுவத்தி ஏற்றப் போய்ப் பலர் விழுந்து இறந்ததால், 1673இல் காங்ஷி பேரரசர் காலத்தில் தடை வந்தது. எட்ட நின்றே கும்பிடுங்கள்.

5. விடிந்ததும் நடை. மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சாவ்தியான் கோயிலில் பாதை பிரியும்: மிங் அரச வம்சக் காலத்துப் படிகள் செங்குத்து, மற்றது சற்று எளிது. முழங்கால் ஒத்துழைத்தால் மிங் படிகளையே பிடியுங்கள். மூன்று விண்வாயில்களும் அந்த வழியில்தான்.

6. உச்சி 1,612 மீட்டர். மிங் வம்சத்து யோங்லெ பேரரசர் 1416இல் நிறுவிய பொற்கோயில் பெய்ஜிங்கில் செம்புக் கலவையில் வார்த்து, நீர்வழியே கொண்டுவந்து, மேலே பொருத்தப்பட்டது. கிட்டப் போய்ப் பாருங்கள்: ஓடு, உத்திரம், கதவு எல்லாம் மரவேலை போலவே, ஆனால் எல்லாம் உலோகம். உள்ளே ஜென்வூ மகுடமில்லாமல், விரித்த கூந்தலும் வெறுங்காலுமாக அமர்ந்திருக்கிறான். முன்னால் ஆமையும் பாம்பும் பின்னிக் கிடக்கின்றன.

இறங்கும்போது ரோப்கார் பிடித்துக்கொள்ளலாம்.