விஸ்கி தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

நல்ல சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி, முதன்முதலில் கைக்கு வந்தபோது நான் அதைக் குடிக்கவே இல்லை. முகர்ந்து பார்த்து மூடி வைத்துவிட்டேன். துபாயிலிருந்து வந்த மச்சான் ஏர்போர்ட்டில் வாங்கி வந்தது, ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. டிங்சர், கருவாடு, தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் மூக்கில் ஏறியது. “கெட்டுப்போச்சு போல மச்சான்” என்றேன். இரண்டு வருடம் பீரோவில் கிடந்தது. இன்றைக்கு மழை பிடித்தால் நான் தேடுவது அந்த வாசனையைத்தான். சரக்கில் குறையில்லை, நான் உள்ளே நுழைந்த வாசல்தான் தப்பு.

“எனக்கு விஸ்கி பிடிக்காது” என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “எதைக் குடித்தீர்கள்?” என்பதுதான். நம் ஊரில் குவாட்டர் குவாட்டராக விற்கும் மலிவு விஸ்கிகள் பலவற்றில் இருப்பது, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கி, கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வடித்ததை மட்டுமே விஸ்கி என்று விற்கலாம். பிறப்பைப் பார்த்தால் நம் குவாட்டர் ரம்முக்குத்தான் பங்காளி. அது தொண்டையை எரித்தது என்பதற்காக விஸ்கியையே ஒதுக்குவது, ரயிலில் குடித்த காபியை வைத்துக் கும்பகோணம் டிகிரி காபிக்குத் தீர்ப்பு சொல்வது மாதிரி.

நான் செய்தது இதற்கு நேர் எதிரான தவறு. எடுத்த எடுப்பில் புகையில் போய் விழுந்தேன். ஐலாவில் விறகு குறைவு, சதுப்பு நிலம் அதிகம். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடி மக்கி இறுகிய பீட் என்னும் மண்கட்டியை வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் என்னும் வாசனைப் பொருட்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரி வாசனை அங்கிருந்து வருவதுதான். மால்ட்டில் எவ்வளவு ஃபீனால் என்பதை பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். ஐலாவின் ஆர்ட்பெக் விஸ்கியில் அது 50-55 அளவில் இருக்கும். அதே தீவின் ப்ரூக்லாடி ஆலை வடிக்கும் ஆக்டோமோரில் பெரும்பாலும் 100-ஐத் தாண்டிவிடும்.

புகையைப் பழக நினைத்தால் படிப்படியாகப் போகலாம். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பார்க் 12-ல் (பெயருக்குப் பின்னால் வரும் எண் வயது) புகை பின்னால் நிற்கும். டாலிஸ்கர் 10-ல் கொஞ்சம் முன்னால் வரும், கூடவே மிளகும் உப்பும். அப்புறம் லாகவூலின் 16-க்குப் போனால் பயம் வராது. இந்தியச் சரக்கே போதும் என்றால் கோவாவின் பால் ஜான் வசதியானது. அவர்களுடைய பிரில்லியன்ஸில் புகை கிடையாது, எடிட்டடில் லேசாக உண்டு, போல்டில் நன்றாகவே உண்டு. ஐலா என்றாலே புகை என்றும் நினைக்க வேண்டாம். அதே தீவின் புன்னஹாவன் 12-இலும் ப்ரூக்லாடியின் கிளாசிக் லாடியிலும் பீட் கிடையாது.

வயது விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. 18, 25 என்ற எண்ணைக் கண்டதும் பர்ஸ் தானாகத் திறந்துகொள்கிறது. லேபிளில் உள்ள எண், பாட்டிலுக்குள் கலந்திருப்பவற்றில் ஆக இளைய விஸ்கி பீப்பாயில் இருந்த வருடங்கள். ஸ்காட்ச் என்று பெயர் வாங்கக் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். ஆனால் வருடம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2% ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம், 10 முதல் 12% வரை போய்விடும். வெயிலில் மரத்தின் சாரமும் வேகமாக இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 8 வருடத்தில் பீப்பாயில் பாதிகூட மிஞ்சாது. பெங்களூரின் அம்ருத் 2013-ல் 8 வருடச் சரக்கு ஒன்றை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் கிரீடி ஏஞ்சல்ஸ், பேராசைபிடித்த தேவதைகள். அதே நிறுவனத்தின் ஃப்யூஷனில் வயதே போட்டிருக்காது. 12 என்று எழுதிய பல ஸ்காட்ச்களை விட எனக்கு அது பிடிக்கும். போதாததற்கு, புகை வாசனையும் வயதாக ஆக மங்கும். புகைக்காகவே குடிப்பவர் 25 வருடத்துக்குக் காசைக் கொட்டினால் அவர் தேடியதுதான் குறைவாகக் கிடைக்கும்.

நிறம் பற்றி இரண்டே வரி. ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்ப்பது சட்டப்படி செல்லும், பலர் சேர்க்கிறார்கள். அமெரிக்க விஸ்கியான பர்பனில் சேர்க்கக் கூடாது. ஆகவே அடர்ந்த பழுப்பைப் பார்த்து மயங்குவது, சாயம் ஏற்றிய கேசரிக்கு நெய் அதிகம் என்று நம்புவதுதான்.

நான் அதிகம் பார்த்த தவறு வேறு. பிடித்த பாட்டிலின் பெயர் நமக்கு நினைவிருக்கும், ஏன் பிடித்தது என்பது இருக்காது. அதனால் அடுத்த பாட்டிலைப் பெயரையோ ஊரையோ வைத்துத் தேடி ஏமாறுகிறோம். கிளென்மோரஞ்சி ஒரிஜினலும் கிளென்ட்ரோனக் 12-ம் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பகுதியில் வடிப்பவைதான், இரண்டிலும் புகை இல்லை. ஆனால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காரணம் பீப்பாய். பர்பனுக்கு உள்பக்கம் கருக்கிய புது ஓக் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி உதவாது, கப்பலேறி ஸ்காட்லாந்து போகிறது. கிளென்மோரஞ்சியின் வெனிலாவும் தேனும் அப்படிப்பட்ட பீப்பாயில் வந்தவை. கிளென்ட்ரோனக் கிடப்பது ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் பழகிய பீப்பாயில், அதனால் உலர்திராட்சை, பேரீச்சை, லேசாகக் கிராம்பு. இது பிடித்தவர் அடுத்து கிளென்ஃபார்க்ளாஸோ, அபெர்லோரின் அபூனாவோ தேடலாம், இரண்டும் ஷெர்ரிப் பிள்ளைகள். அபூனாவில் ஆல்கஹால் 60%-ஐ ஒட்டி நிற்கும், நிதானமாகத் தொடுங்கள். எந்தப் பக்கம் நமக்கு ஒத்துவரும் என்றே தெரியாதவருக்கு பால்வெனி டபுள்வுட் 12 நல்லது. பர்பன் பீப்பாயில் கிடந்து கடைசியில் சில மாதம் ஷெர்ரியில் தங்கியது. அதில் எந்தப் பக்கம் நாக்கு சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்தவர் சொன்ன வாசனையைத் தேடுவதும் வீண் வேலை. டப்பாவில் ஹீதர் பூ, கூஸ்பெரி, கிறிஸ்துமஸ் கேக் என்று போட்டிருக்கும். ஹீதர் பூவை நான் முகர்ந்ததில்லை. நமக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளலாமே. என் நோட்டில் கிளென்ட்ரோனக்குக்கு எதிரே “கருப்பட்டி, பஞ்சாமிர்தம்” என்று இருக்கிறது. டாலிஸ்கருக்கு “கடற்கரையில் சுட்ட சோளம்”. வெளிநாட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். கடையில் நிற்கும்போது என் மூக்குக்கு உதவுவது கருப்பட்டிதான்.

தண்ணீர் கலந்தால் குற்றம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் என்ற இருவர் கணினி மாதிரியை வைத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59%-க்கு மேல் இருக்கும்போது, புகை வாசனை தரும் குவாயக்கால் திரவத்துக்குள்ளேயே பதுங்குகிறது. 45% அளவுக்கு இறங்கும்போது மேற்பரப்புக்கு வருகிறது, அதாவது மூக்குக்கு அருகில். ஒரு டீஸ்பூன் தண்ணீர் ஊற்றி முகர்ந்து, தேவைப்பட்டால் இன்னொன்று. ஐஸ் மட்டும் புதுச் சரக்குக்கு வேண்டாம், வாசனையை அமுக்கிவிடும். பழகிய பிறகு உங்கள் இஷ்டம்.

சைட் டிஷ்தான் நம்மவர்களின் பலவீனம். மாங்காய் ஊறுகாய், சிக்கன் 65, வெங்காயம் தூவிய கடலை எல்லாம் குடிப்பதற்கு நல்ல துணை, அறிவதற்கு அல்ல. மிளகாய் எரிந்துகொண்டிருக்கும் நாக்கில் எந்த விஸ்கியும் ஒரே விஸ்கிதான். புதுப் பாட்டிலை நாலாவது ரவுண்டில் திறப்பதும் அப்படித்தான். அதை முதலிலேயே, வெறும் வாயில், 30 மில்லி மட்டும் ஊற்றிப் பாருங்கள். வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் நல்லது, அகலமான டம்ளரில் வாசனை சிதறிவிடும்.

வாங்கும்போது ஃபுல்லில் தொடங்க வேண்டாம். 50 மில்லி மினியேச்சர் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில். முதல் பெக்கில் தீர்ப்பும் வேண்டாம். சில நாள் விட்டு இன்னொரு பெக், தண்ணீர் ஊற்றி ஒன்று, ஊற்றாமல் ஒன்று. சளி பிடித்திருக்கும் நாளில் குடித்துவிட்டுத் திட்டிய பாட்டில்கள் என்னிடம் இரண்டு உண்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

வைக்கும் விதத்தில் ஒயினைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. விஸ்கியைப் படுக்கப் போட்டால் அதன் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாமல் வைத்தால் போதும். பாட்டிலுக்குள் அதற்கு வயது ஏறாது, பத்து வருடம் பூட்டி வைத்தாலும் 12 வருடச் சரக்கு 12 வருடச் சரக்குதான். ஆனால் திறந்து பாதிக்கு மேல் காலியானதும் உள்ளே புகுந்த காற்று வாசனையைக் கரைக்கத் தொடங்கும். மச்சான் தந்த பாட்டில் பீரோவில் இரண்டு வருடம் தப்பியது, அநேகமாக முழுதாக இருந்ததால்தான். இப்போதெல்லாம் எந்தப் பாட்டிலும் கால்வாசிக்கு இறங்கியதும் மச்சானுக்கு போன் போட்டுவிடுகிறேன்.