கணப்படுப்பின் மேல்தட்டில் பழம்பொருள்களை அடுக்கும் முறை

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள எங்கள் ஊரான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் 15, 16 பாகைக்கு இறங்குவதால், கீழே சமவெளியில் யாருக்கும் தேவைப்படாத கணப்படுப்பு கேமரன் மலையின் பழைய வீடுகளில் இருக்கிறது. தோட்டத்துத் துரைமார்களும் விடுமுறைக்கு மலையேறி வந்த வெள்ளைக்காரர்களும் தங்கள் ஊர் நினைவாகக் கட்டிய பங்களாக்களில், கருங்கல்லோ செங்கல்லோ வைத்து எழுப்பிய அடுப்பும் அதன் தலைமேல் ஒரு மரத்தட்டும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுள் சில பின்னாளில் நம்மவர் கைக்கு வந்துள்ளன. எங்கள் வீடும் அவ்வாறு வந்ததுதான். தேயிலைக் கொழுந்து கிள்ளியும் கவாத்து வெட்டியும் இந்த மலையில் காலம் கழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். துரையின் வெள்ளிக் கிண்ணங்கள் இருந்த தட்டில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுச் சொம்பும் அரிக்கன் விளக்கும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான பிடிப்பு உண்டு. இந்த வழிமுறையும் அந்தப் பிடிப்பிலிருந்தே எழுதப்படுகிறது.

பொருள்களைத் தேடுவதற்கு முன், அடுப்பை இனியும் எரிக்கப் போகிறீர்களா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். எரிப்பதில்லை என்றால் தட்டில் எதையும் வைக்கலாம். எரிப்பதானால், முதலில் புகைக்கூண்டை ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கூண்டில் பறவைக் கூடும் சருகும் அடைத்திருக்கும். அதன்பின் ஒரு மாலையில் தீ மூட்டி, ஒரு மணி நேரம் எரியவிட்டு, தட்டின் நடுவிலும் இரு ஓரங்களிலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் மெலிந்த மெழுகுவத்தி ஒன்றை நிறுத்தி வைத்தாலும் தெரிந்துவிடும். அது தளர்ந்து சாயும் இடத்தில் புகைப்படமோ கடிகாரமோ மரப்பொருளோ வைக்கக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் நடுப்பகுதி சூடாகவும் ஓரங்கள் ஓரளவு குளிர்ந்தும் இருக்கும். ஆகவே பித்தளை, இரும்பு, பீங்கான் ஆகியவற்றுக்கு நடுவிடமும், மரத்துக்கும் தாளுக்கும் ஓரங்களும் உரியவை. எரியக்கூடிய எதுவும் அடுப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன. நம் வீடுகளுக்கும் இது நல்ல அளவே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தட்டின் விளிம்பில் மாவிலைத் தோரணம் கட்டுகிறவர்கள், அன்றைக்கு அடுப்பை மூட்டாமல் இருப்பதே நல்லது. காய்ந்த மாவிலை நொடியில் பற்றிக்கொள்ளும்.

அடுத்து அளவு. எங்கள் தட்டு 5 அடி நீளமும் 8 அங்குல அகலமும் உடையது. தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் இருக்கிறது. எட்டு அங்குலத் தட்டில் ஆறு அங்குலத்துக்கு மேல் அகலமான பொருளை வைத்தால், யாராவது தோளால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். பாட்டி முதுகில் சுமந்த பிரம்புக் கொழுந்துக் கூடையை எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்று நான் பல நாள் முயன்றேன், அது நிற்கவில்லை. இப்போது அது தீப்பொறி எட்டாத தூரத்தில், அடுப்புக்கு வலப்புறம் தரையில் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் அதற்கு அழகாகவும் இருக்கிறது.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாம் தட்டை அடுக்குவது நின்றுகொண்டு. பார்ப்பதோ நாற்காலியில் அமர்ந்துகொண்டு. உட்கார்ந்தவரின் கண் தட்டின் விளிம்புக்குக் கீழே இருப்பதால், படுக்க வைத்த தட்டையான பொருள் எதுவும் அவருக்குத் தெரியாது. நாணயம், சாவி, மூக்குக்கண்ணாடி, பாக்குவெட்டி போன்ற சிறியவற்றைச் சட்டத்துக்குள் அமைத்து நிமிர்த்தி வைத்தால்தான் அவை கண்ணில் படும். ஒவ்வொரு முறை அடுக்கியதும் நாற்காலியில் போய் அமர்ந்து பாருங்கள்.

பொருள்களை வீட்டிலிருந்தே தேடத் தொடங்குங்கள். பரண், சமையலறையின் கீழ் அலமாரி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் கொட்டகை ஆகிய மூன்று இடங்களிலும் நிச்சயம் ஏதாவது கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தவை: பாட்டியின் பித்தளைச் சொம்பு, சேவல் உருவம் பதித்த தாழ்ப்பாள் உள்ள கரி இஸ்திரிப் பெட்டி, அரிக்கன் விளக்கு, ஓரம் பெயர்ந்த எனாமல் தூக்குச்சட்டி, பச்சைப்பூப் போட்ட கனத்த காப்பிக்கடைக் கோப்பைகள் இரண்டு. அம்மாவின் பக்கத்தார் பீடோரில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர்கள் என்பதால், பால் வடியும் கிண்ணமான மங்கு ஒன்றும் வெட்டுக்கத்தியும் அங்கிருந்து வந்து சேர்ந்தன. தாத்தாவின் தகரப் பெட்டியில், அரசர் ஆறாம் ஜார்ஜின் தலை பொறித்த 1943-ஆம் ஆண்டுச் சதுர ஒரு காசு நாணயமும், ஜப்பான் காலத்து வாழைமரப் படம் அச்சிட்ட பணத்தாள் ஒன்றும் இருந்தன. ஜப்பானியர் இங்கே ஆண்ட ஆண்டு பொறித்த ஆங்கிலேயக் காசும், 1945-க்குப் பின் செல்லாமற்போன ஜப்பானிய நோட்டும் ஒரே பெட்டியில் கிடந்ததை நினைத்து, அவற்றை ஒரே சட்டத்துக்குள்தான் வைத்திருக்கிறேன்.

வெளியே வாங்குவதென்றால் ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழம்பொருள் சந்தைக்கும், பினாங்கின் லோரோங் கூலிட் சந்தைக்கும் போகலாம். போகும்போது ஒரு சிறு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே முலாம் மட்டுமே. பழமையைத் தேய்மானத்தில் பாருங்கள். கை பிடித்த இடம், தரையில் உரசிய அடி, மூடி திறந்து மூடிய விளிம்பு ஆகிய இடங்களில் தேய்ந்திருந்தால் அது புழங்கிய பொருள். உடம்பு முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால், பழையதுபோல் காட்டுவதற்காக அமிலத்தில் முக்கி எடுத்ததாக இருக்கலாம்.

வழிபாட்டுப் பொருள்கள் குறித்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. என் கருத்து இது: இன்றும் ஏற்றப்படும் காமாட்சி விளக்கும், பூசைக்குரிய மணியும், மாலையிட்டு வணங்கும் முன்னோர் படமும் அவற்றுக்குரிய இடத்திலேயே இருக்க வேண்டும். காலணியோடு விருந்தினர் வந்து நிற்கும் இடத்தில், அழகுக்காக அவற்றைக் கொண்டுவந்து வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இனி, துலக்குதல். இதில் அவசரம் கூடாது என்பதை நான் இழப்பின் வழியாகவே கற்றேன். பாட்டியின் சொம்பில், கழுத்துக்குக் கீழே, அவருடைய பெயரின் முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டப்பட்டிருந்தன. தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு எல்லா வீட்டுப் பாத்திரமும் ஒன்றாகக் கூடிவிடும். எது யாருடையது என்று பிரித்தறிவதற்காக அப்படிப் பெயர் வெட்டுவார்கள். அதைப் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். இயந்திரத்தில் பிடித்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கித் தந்தார்கள். ஊர்ப்பெயரில் பாதிப் புள்ளிகள் காணாமற் போயிருந்தன. விரலால் தடவினால் மட்டும் இன்றும் இரண்டு எழுத்துகள் தட்டுப்படுகின்றன. இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பித்தளையை முதலில் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவித் துடைத்துவிட்டு, அதுவே போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் போதும். பழுப்பேறிய பித்தளைக்குக் கணப்புத் தீயின் ஒளியில் ஓர் ஆழம் உண்டு, புதுப் பளபளப்புக்கு அது கிடையாது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மட்டும், அந்த இடத்தில் கரைத்த புளியை மென்துணியால் தொட்டுத் தடவி, சில நிமிடங்களில் நன்றாக அலசிவிடுங்கள். புளியின் அமிலம் இடுக்கில் தங்கினால் களிம்பு மறுபடியும் ஏறும்; எனவே அலசியபின் ஈரமில்லாமல் துடைத்து வெயிலில் காட்ட வேண்டும். கம்பி நார், சாம்பல், மணல் மூன்றும் வேண்டாம். நாணயங்களைத் துலக்கவே கூடாது, துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை.

இரும்புப் பொருளில் உதிரும் துருவை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் சிக்குப் பிடித்துத் தூசியை ஒட்டவைக்கும். எனாமல் பெயர்ந்த இடத்திலும் இதே எண்ணெயைத் தொட்டு வைக்கலாம். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆதலால் அந்தத் தூக்குச்சட்டியில் மறுபடி சோறு கட்ட வேண்டாம். அரிக்கன் விளக்கில் மண்ணெண்ணெய் மிச்சமிருந்தால் அதை வடித்து, திறந்த வெளியில் சில நாள் உலரவிட்ட பிறகே தட்டுக்குக் கொண்டுவாருங்கள். கணப்புக்கு மேல் எண்ணெய் உள்ள விளக்கு இருக்கக்கூடாது. மரப்பொருளின் அடியில் மாவுபோல் நுண்ணிய தூள் கொட்டினால் உள்ளே உளுப்பூச்சி இருக்கிறது. சிறிய பொருளானால் நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். அதை முதலில் செய்யாவிட்டால் தட்டின் மரத்துக்கும் பூச்சி பரவும்.

இப்போது அடுக்கத் தொடங்கலாம். தட்டை முழுவதும் காலிசெய்து துடைத்தபின், எல்லாவற்றிலும் பெரிய ஒரு பொருளை மட்டும் முதலில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது 16 அங்குலப் பித்தளைத் தாம்பாளம். அதைச் சுவரில் சாய்த்து, நட்ட நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். சறுக்காமல் இருக்க, அதன் அடிக்கு முன்னால் விரல் பருமனுள்ள மரச்சட்டம் ஒன்றைத் தட்டோடு அறைந்திருக்கிறேன். நிலைக்கண்ணாடி செய்யும் வேலையைத் தாம்பாளம் இன்னும் மென்மையாகச் செய்கிறது: எதிரே விளக்கேற்றினால் அறை முழுவதும் மஞ்சள் ஒளி பரவுகிறது, ஆனால் எதிரிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியின் உருவம் அதில் தெரிவதில்லை.

பெரிய பொருளுக்கு எதிர்ப்புறத்தில், அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் இன்னொன்றை வையுங்கள். எங்களுக்கு அது அரிக்கன் விளக்கு. பிறகு சிறியவற்றை இரண்டு இரண்டாக வைக்காமல் மூன்றாகச் சேருங்கள். ஒன்று மற்றதன் ஓரத்தைச் சற்றே மறைக்கும்படி முன்பின்னாக நிறுத்துங்கள். தாம்பாளத்தின் முன் சொம்பும், அதன் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியும், சிறிய மங்கும் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டியின் சேவல் தட்டின் உட்பக்கம் பார்க்கும்படி திருப்பியிருக்கிறேன். வெளியே பார்த்தால் நம் கண்ணும் அதோடு தட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. விளக்குக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையில் ஓர் அடிக்கும் அதிகமான வெற்றிடம் இருக்கிறது. அங்கே ஏதாவது வைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் கேட்டாயிற்று. நான் இடம் தரவில்லை. வெற்றிடம் இருப்பதால்தான் மற்றவை தனித்தனியே தெரிகின்றன, இல்லாவிட்டால் தட்டு பாத்திரக்கடை போலாகிவிடும். அடுக்கி முடித்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணுக்குப் பழகிப்போன குறை படத்தில் உடனே தெரியும்.

புகைப்படங்களின் மூலப்படியைத் தட்டில் வைக்க வேண்டாம். நல்ல நகல் எடுத்து அதைச் சட்டமிடுங்கள். மூலத்தை அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே தடித்த அட்டையை வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். இந்த மலையின் ஈரத்தில், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழியாமல் பிரியாது.

பழைய ஊசல் கடிகாரம் இருந்தால், அதைத் தட்டின் குளிர்ந்த ஓரத்தில், மட்டமாக நிற்கும்படி வையுங்கள். இரு பக்கத் துடிப்பும் ஒரே சீராகக் கேட்க வேண்டும். நேரம் முந்தினால் ஊசலின் அடித்திருகைத் தளர்த்திக் குண்டைச் சற்று இறக்கினால் ஓட்டம் மெதுவாகும்.

மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, பின்பக்கங்களில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் காலை வேளையில் மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்துவிடுவதால், நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சட்டங்களின் பின்னால் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் செருகி வைப்பது உதவும்.

கடைசியாக, ஒவ்வொரு பொருளின் அடியிலும் அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று பென்சிலால் எழுதிய சிறு சீட்டை நூலால் கட்டிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும், பசைநாடா உலோகத்தில் கறை விடும். எங்கள் சொம்பின் சீட்டில், அழிந்துபோன ஊர்ப்பெயரை அப்பாவிடம் கேட்டு முழுமையாக எழுதி வைத்திருக்கிறேன்.