பிளாட்பாரத்தில் பைக் நிறுத்தி ஃபைன் வந்ததா? இ-சலானைப் பார்ப்பது முதல் கட்டுவது வரை

தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ கடைக்கு முன்னால் ஏற்கெனவே பத்து வண்டிகள் பிளாட்பாரத்தில் ஏறி நிற்கும். பதினொன்றாவதாக நம் வண்டியையும் ஏற்றி, சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம். போக்குவரத்துக் காவலர் வந்து நம்பர் பிளேட்டோடு படம் எடுத்துக்கொண்டு போனது நமக்குத் தெரியவே தெரியாது. பிறகுதான் இ-சலான், அதாவது மின்னணு அபராதச் சீட்டு, போட்டிருப்பதாகப் போனுக்கு எஸ்எம்எஸ் வரும்.

முதல்முறை சலான் வாங்குகிறவர்கள் பதறிப்போய் உடனே பணம் கட்டப் பார்ப்பார்கள், இல்லையென்றால் "ஐந்நூறு ரூபாய்தானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இரண்டுமே வேண்டாம். முதலில் படத்தைப் பாருங்கள், பணம் அப்புறம். கீழே சொல்வது தமிழ்நாட்டு வண்டிகளுக்கான வழி.

படி 1: வந்த செய்தி உண்மையா?

போலி சலான் மோசடி இப்போது அதிகம். வாட்ஸ்அப்பில் "ஆர்டிஓ சலான்" என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் ஆப் நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே கூடாது. அதை நிறுவினால் போனில் வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும், வங்கிக் கணக்கு காலியாகும். எஸ்எம்எஸ்ஸில் லிங்க் இருந்தாலும் அதை அழுத்தாமல், பிரவுசரைத் திறந்து அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போங்கள். முகவரி 'பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சலானைத் திறப்பது

தளத்தில் 'செக் ஆன்லைன் சர்வீசஸ்' என்பதற்குள் 'செக் சலான் ஸ்டேட்டஸ்' இருக்கும். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண்ணைக் கொடுத்தால் கூடவே சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். ஆர்சி புக் கையில் இல்லையா? இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கும். டிஜிலாக்கரில் ஆர்சி வைத்திருந்தால் அதிலும் கிடைக்கும்.

இந்த அபராதம் எப்போதும் ஆர்சியில் பெயர் உள்ளவர் தலையில்தான் முதலில் விழும். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், வாங்கியவர் எங்கே நிறுத்தினாலும் எஸ்எம்எஸ் உங்களுக்கே வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இதுவே தலைகீழ்: சலான் போட்டது தெரியாமலே மாதங்கள் ஓடிவிடும். ஆர்சியோடு உங்கள் மொபைல் எண் இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: படத்தை நிதானமாகப் பாருங்கள்

இந்தப் படிதான் முக்கியம், ஆனால் பலர் இதைத் தாண்டி நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை எல்லாம் சலானில் இருக்கும். படத்தில் உள்ள வண்டி உங்களுடையதுதானா? நம்பரை உள்ளிடும்போது ஓர் எழுத்து மாறிவிட்டால், யாரோ நிறுத்திய ஸ்கூட்டருக்கு உங்கள் புல்லட் பெயரில் சலான் வரலாம். மாடலும் நிறமும் பார்த்தாலே தெரிந்துவிடும். சக்கரம் பிளாட்பாரத்தின் மேல் நிற்கிறதா, கீழே சாலையோரமா என்பதையும் கவனியுங்கள். கீழே நின்றிருந்தாலும் அது நோ பார்க்கிங் இடமாக இருந்தால் அபராதம் சரியானதுதான்.

தொகை விஷயம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி அதே தவறு என்றால் 1,500 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் இந்த உயர்த்தப்பட்ட கட்டணங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு நூறு ரூபாயில் முடிந்த காலத்தை நினைத்துக்கொண்டு இன்னும் பலர் நிறுத்துகிறார்கள்.

படி 4: கட்டுவதா, மறுப்பதா?

வண்டி உங்களுடையது, படத்தில் பிளாட்பாரமும் தெளிவாகத் தெரிகிறது என்றால் கட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்து மக்கள் சொல்கிற வாதங்களில் பெரும்பாலானவை எடுபடாதவை. "எல்லாரும்தான் நிறுத்தியிருந்தாங்க" என்றால், எல்லாருக்கும் சலான் போகும். "நோ பார்க்கிங் போர்டே இல்லை" என்பதும் செல்லாது. நடைபாதையில் நிறுத்தக்கூடாது என்பது 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருக்கிறது, 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. போர்டு தேவையே இல்லை. "இரண்டே நிமிடம்" என்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. "எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டுதான் ஏற்றினேன்" என்றாலும் பயனில்லை, குற்றம் நிறுத்தியதுதான். ஓட்டி ஏற்றியிருந்தால் அது தனிக் குற்றம்.

கடைக்காரர் "இங்கேயே போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதும் கணக்கில் வராது. அவர் ஃபைன் கட்டப்போவதில்லை.

உண்மையிலேயே தவறான சலான் என்றால், அதாவது வேறு வண்டி, தவறான எண், ஏற்கெனவே விற்றுப் பெயர் மாற்றிய வண்டி என்றால், பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே தளத்தில் குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. சலான் எண்ணோடு ஆர்சி நகலையும் உங்கள் வண்டியின் படத்தையும் ஏற்றிப் புகார் பதியலாம்.

படி 5: பணம் கட்டுவது

'பே நவ்' அழுத்தினால் மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும். அப்புறம் கார்டு, நெட் பேங்கிங் அல்லது யூபிஐ. கணக்கில் பணம் போய்விட்டது, ஆனால் சலான் இன்னும் 'பெண்டிங்' என்றே காட்டுகிறது என்றால் உடனே இரண்டாவது முறை கட்டிவிடாதீர்கள். முடியாத பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி மெனுவிலேயே உண்டு. ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை போக்குவரத்துக் காவல் 2018 மே மாதத்திலேயே ரொக்கமில்லா முறைக்கு மாறிவிட்டது. அதனால் சென்னையில் சாலையில் யாராவது கையில் காசு கேட்டால், "சலான் போடுங்க, கட்டுறேன்" என்று சொல்லலாம்.

கட்டாமல் விட்டால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைனில் நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, போகும். அப்போது இ-சலான் தளத்தில் பணம் வாங்காது, விர்ச்சுவல் கோர்ட் தளத்தில்தான் கட்ட வேண்டும். அங்கேயும் அபராதத்தை ஏற்கிறேன், வழக்காட விரும்புகிறேன் என இரண்டு வாய்ப்புகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நேரில் நீதிமன்றம் போக வேண்டிவரும் என்பதை மறக்க வேண்டாம். நிலுவை சலான் இருந்தால் வண்டியை விற்கும்போதும் தொல்லை. வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் தேடிப்பார்ப்பார்.

வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால்

திருட்டு என்று புகார் கொடுக்கும் முன், பக்கத்தில் உள்ள போக்குவரத்துக் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடைக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. தூக்கிய செலவும் வண்டிக்காரர் பொறுப்பு, அது அபராதத்துக்கு மேல். ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியை வாங்கும்போது கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க் மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த முறை எங்கே நிறுத்துவது?

தி.நகர் போகிறவர்களுக்குத் தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் பலமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது, டூ வீலருக்கும் இடம் உண்டு. பாண்டி பஜார் பிளாட்பாரம் 2019இல் அகலப்படுத்தப்பட்டது வண்டி நிறுத்துவதற்காக அல்ல. மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருந்தால் அதன் பார்க்கிங்கில் போட்டுவிட்டு நடப்பது மலிவு. கடை வாசலில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால் தரையைப் பாருங்கள்: மாநகராட்சி டைல்ஸும் கர்ப் கல்லும் முடிந்து, கட்டடத்தின் சொந்தத் தரை தொடங்குகிற இடத்துக்குள் முழு வண்டியும் அடங்க வேண்டும். பின் சக்கரம் டைல்ஸ் மேல் நீட்டிக்கொண்டிருந்தால் படத்தில் அதுதான் விழும்.